அணையாமல் நிற்குமா இந்தச் சின்ன எஞ்சின்?

கையில் ஒரு ரேடியோக் கருவி. பத்துப் பதினைந்து அடி தள்ளி, தரையில் ஒரு முழ நீளத்தில் ஒரு டிரக். பெரிய டயர்கள், துள்ளிக் குதிக்க ஸ்பிரிங்குகள். பொம்மை என்றுதான் முதலில் நினைப்பீர்கள். ஆனால் இதன் சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டார் அல்ல. பிஸ்டன், கிராங்க், கார்புரேட்டர், புகை கக்கும் சைலன்சர் எல்லாம் உள்ள உண்மையான எஞ்சின்! ‘நைட்ரோ டிரக்’ என்று இதற்குப் பெயர். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த அண்ணன் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே பறக்கவிடும் மாதிரி விமானங்களிலும் இந்த இனத்து எஞ்சின்கள் உண்டு.

இந்த எஞ்சினின் கொள்ளளவு எவ்வளவு தெரியுமா? இரண்டரை அல்லது மூன்றரை கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டி இருமல் மருந்து 5 கன சென்டிமீட்டர், அதைவிடக் குறைவு. ஆனால் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கும் மேல் சுற்றும். நம் ஊர் மோட்டார் சைக்கிள் 8,000 சுற்றிலேயே அலறத் தொடங்கிவிடும்.

இவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்த எஞ்சினுக்கு ஒன்றுதான் சிரமம்: மெதுவாக ஓடுவது. டிரக் நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை ‘ஐட்லிங்’ என்பார்கள். ஐட்லிங் மிகக் குறைந்தால் எஞ்சின் அணைந்துவிடும். மிகக் கூடினால், சுழற்சி வேகத்தால் தானே விரிந்து பிடிக்கும் கிளச் பிடித்துக்கொள்ளும். நீங்கள் நிறுத்தினாலும் டிரக் ஊர்ந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகியது. அதைக் கண்டுபிடிப்பது ஒரு திருகாணி வேலைதான் என்று தோன்றும். உண்மையில் அதற்குள் வேதியியலும் இருக்கிறது, காற்று மண்டலமும் இருக்கிறது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலை ஒன்றையும் நாம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

பொறி இல்லாமல் எரியும் நெருப்பு

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறையும் ஒரு மின்பொறியைத் தந்து கலவையைக் கொளுத்துகிறது. நைட்ரோ எஞ்சினில் பொறி கிடையாது. சிலிண்டரின் தலையில் ஒரு சிறு பிளக் இருக்கும். அதனுள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள். எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் ஒரு பேட்டரியால் இந்தச் சுருளைச் செந்தணலாக்குகிறார்கள். கிளம்பியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். சுருள் அணையாது!

எப்படி? 1817ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி ஒரு விந்தையைக் கண்டார். சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை எரியக்கூடிய வாயுவும் காற்றும் கலந்த கலவையில் பிடித்தால், சுடரே இல்லாமல் கம்பி தகதகவென்று ஒளிர்ந்துகொண்டே இருந்தது. பிளாட்டினத்தின் பரப்பில் ஆக்சிஜனும் எரிபொருளும் எளிதாகச் சேர்ந்து வெப்பம் தருகின்றன. பிளாட்டினமோ கரைவதில்லை, தேய்வதில்லை. பள்ளியில் ‘வினையூக்கி’ என்று படிக்கிறீர்களே, அதுதான். மெதனால் ஆவியும் பிளாட்டினமும் இப்படி நன்றாக ஒத்துப்போகும். 130 ஆண்டுகள் கழித்து, 1947இல், அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் இந்த வகைப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாதிரி எஞ்சின்கள் காயிலும் பேட்டரியும் சுமக்கும் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

ஐட்லிங் ஏன் கடினம் என்பது இப்போது புரியத் தொடங்கும். முழு வேகத்தில் வெடிப்புக்குப் பின் வெடிப்பு அடுத்தடுத்து வருகிறது. சுருளுக்குக் குளிர நேரமே இல்லை. மெதுவாக ஓடும்போது இடைவெளி கூடுகிறது, ஒவ்வொரு வெடிப்பிலும் வெப்பம் குறைகிறது, பழைய புகையும் முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது. அடுத்த வெடிப்பு வரும்வரை சுருள் தணலாக இருந்தால் எஞ்சின் உயிரோடு இருக்கும். அதற்குள் கறுத்துவிட்டால், பட்டென்று நின்றுவிடும்.

எரிபொருளுக்குள் விளக்கெண்ணெய்

இதன் எரிபொருள் பெட்ரோல் அல்ல. பெரும்பகுதி மெதனால். அதோடு பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை நைட்ரோமீதேன். மீதி எண்ணெய்: செயற்கை எண்ணெயோ, நம் வீட்டுப் பாட்டிகள் நன்கு அறிந்த விளக்கெண்ணெயோ, இரண்டும் கலந்ததோ. ஆமணக்கு விதையின் எண்ணெய் கடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு எளிதில் நழுவாது என்பதால் அதற்கு இந்த மரியாதை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெதனாலுக்கு 6.5 கிலோ போதும். நைட்ரோமீதேனுக்கு 1.7 கிலோ மட்டுமே! அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். கட்டுச்சோற்றோடு பயணம் புறப்பட்டவரைப் போல அது. ஆகவே அதே அளவு காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம், ஐட்லிங்கும் நிலைக்கும்.

எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். கூடவே வெப்பமும் ஏறும், ஏனென்றால் மெதனால் ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையையும் அதுதான் செய்து வந்தது. ஒரு திருகாணியைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் உணவு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் ஒரே நேரத்தில் குறைத்ததற்குச் சமம்.

மெதனாலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது கொடிய நஞ்சு. உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை அழிக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது மெதனால் கலந்த சாராயத்தால்தான். தோல் வழியாகவும் இது உள்ளே போகும். எரிந்தாலோ, வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எனவே இந்த எஞ்சின் வேலை எதுவும், விஷயம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கூடாது. கீழே சொல்லும் சோதனைகளில் உங்களுக்குத் தண்ணீரும் காற்றும் மட்டுமே போதும்.

கார்புரேட்டரும் மூன்று திருகாணிகளும்

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து ஓர் உறிஞ்சுகுழலை நிறுத்துங்கள். இன்னொரு குழலை அதன் மேல்முனைக்குக் குறுக்கே பிடித்துப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் குழலில் ஏறிச் சாரலாகத் தெறிக்கும். வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைகிறது. டம்ளரின் மேல் உள்ள காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கார்புரேட்டரும் இதுதான். எஞ்சின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று குறுகலான தொண்டை வழியே விரையும்போது எரிபொருளையும் இழுத்துச் சாரலாக்குகிறது. நைட்ரோ டிரக்கில் சைலன்சரிலிருந்து ஒரு சிறு குழாய் தொட்டிக்கு அழுத்தம் தந்து கூட ஒரு கை கொடுக்கும்.

எவ்வளவு எரிபொருள் என்பதைக் கூரிய ஊசிகள் தீர்மானிக்கின்றன. முழு வேகத்துக்கு ஓர் ஊசி, மெது வேகத்துக்கு ஓர் ஊசி. வலப்பக்கம் திருகினால் ஊசி உள்ளே போய் வழியை அடைக்கும், எரிபொருள் குறையும். இதை ‘லீன்’, அதாவது மெலிந்த கலவை என்பார்கள். இடப்பக்கம் திருகினால் வழி திறக்கும். கலவை செறிவாகும், ‘ரிச்’. மூன்றாவது திருகாணிக்கு எரிபொருளோடு சம்பந்தமே இல்லை. காற்று வாசல் எந்த அளவுக்கு மேல் மூடக்கூடாது என்று தடுத்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. ஐட்லிங்கில் அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான்.

பலரும் செய்யும் தவறு இந்த மூன்றாவது திருகாணியில்தான். எஞ்சின் அணைகிறதா? இதைத் திருகி வாசலை அகலமாக்கு! எஞ்சின் அணையாமல் நிற்கும். ஆனால் டிரக் நிற்காது. நோய் கலவையில் இருக்க, மருந்தை வாசலுக்குப் போடுவதால் வரும் வினை இது.

சரியான வரிசை என்ன? முதலில் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்த சரிபார்ப்பு சூடானதும் பொய்த்துப்போகும். பிறகு முழு வேக ஊசி. எரிபொருள் முதலில் அதைத் தாண்டித்தான் அடுத்த ஊசிக்கு வருகிறது. மூத்ததைச் சரிசெய்யாமல் இளையதைத் தொட்டுப் பயனில்லை. முழு வேகத்தில் ஓடும்போது சைலன்சரிலிருந்து மெல்லிய நீலப் புகை கோடாகத் தெரிய வேண்டும். புகையே இல்லை என்றால் எண்ணெய் போகவில்லை என்று பொருள். டிரக்கை நிறுத்தி, சிலிண்டர் தலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் உண்டு. மூன்று நான்கு விநாடியில் சுர்ரென்று ஆவியானால் சரி. தோசைக்கல்லில் தெளித்ததுபோல் துள்ளிக் குதித்து ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. ஊசியைத் திறக்க வேண்டும். அப்படியே தேங்கி நின்றால் கலவை மிகச் செறிவு.

அடுத்து மெது வேக ஊசி. இங்கே காதுதான் கருவி. ஐட்லிங்கில் விட்டுப் பத்துப் பதினைந்து விநாடி காத்திருங்கள். சத்தம் மெல்ல மெல்லத் தாழ்ந்து, வேகம் கொடுத்ததும் குப்பென்று புகைவிட்டுத் தடுமாறினால், கிராங்க் அறைக்குள் எரியாத எரிபொருள் தேங்குகிறது: கலவை செறிவு. மாறாக, வேகத்தைக் குறைத்த பிறகும் எஞ்சின் சிறிது நேரம் உயரச் சத்தத்திலேயே தொங்கி நின்று பிறகு இறங்கினாலோ, வேகம் கொடுத்த கணமே திணறி நின்றாலோ, கலவை மெலிவு.

இன்னொரு அழகான சோதனையும் இருக்கிறது. ஐட்லிங்கில் ஓடும்போது தொட்டியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயைக் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் விரலால் நசுக்கிப் பிடிக்கிறார்கள். எரிபொருள் நின்றதும் உள்ளே இருக்கும் மிச்சம் எரிந்து தீர வேண்டும். வேகம் இலேசாக உயர்ந்து இரண்டு மூன்று விநாடியில் அணைந்தால் கலவை சரி. நசுக்கிய உடனே அணைந்தால் மிச்சமே இல்லை, மெலிவு. வேகம் வெகுவாக ஏறி நெடுநேரம் ஓடினால் செறிவு. ஏன் வேகம் ஏறுகிறது என்று யோசித்தீர்களா? எரிபொருள் குறையக் குறைய, செறிவான கலவை சரியான கலவையைத் தாண்டிக்கொண்டுதானே போக வேண்டும்!

ஒவ்வொரு முறையும் அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்குதான் திருப்ப வேண்டும். திருப்பியதும் ஓட்டிக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு திருகாணிகளைத் தொட்டால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கலவை சரியான பிறகே மூன்றாவது திருகாணியால் ஐட்லிங் வேகத்தைக் குறைத்து, டிரக் ஊராமல் நிற்கச் செய்கிறார்கள்.

மலைமேல் ஒரு சோதனை

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிபுரம் என்ற சிற்றூர் இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது இந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. ஆய்வுக்கூடம் அங்கே கட்டப்படவில்லை. நியூட்ரினோ துகள் மலையையே துளைத்துக்கொண்டு போகக்கூடியது. நம் சின்ன எஞ்சினுக்கோ மலை ஏறினாலே மூச்சுத் திணறும். எப்படி என்று பார்ப்போம்.

பொட்டிபுரத்து வெட்டவெளியில் ஒரு நைட்ரோ டிரக்கை மேலே சொன்னபடி கச்சிதமாகச் சரிசெய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு போடிநாயக்கனூர் வந்து, அங்கிருந்து போடிமெட்டுக்குப் பஸ் ஏறுகிறோம். போடி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் வரும் மெட்டோ அதைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். புளியமரமும் மாமரமும் மறைந்து, காற்று சில்லென்று மாறி, அப்பால் ஏலக்காய்த் தோட்டங்கள் தொடங்குகின்றன. டிரக்கைக் கிளப்புகிறோம். கீழே கணீரென்று நின்ற ஐட்லிங் இங்கே பொதபொதவென்று புகைந்து, அரை நிமிடத்தில் அணைகிறது. யாரும் எந்தத் திருகாணியையும் தொடவில்லை!

காற்று மாறிவிட்டது. எவ்வளவு மாறியது என்று அளக்க உங்களிடம் ஒரு கருவி இருக்கிறது: காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். மெட்டில் நின்று, உலர்ந்த ஒரு லிட்டர் பாட்டிலைச் சிறிது நேரம் திறந்து வைத்துவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள். போடிக்கு இறங்கியதும் பாருங்கள். யாரோ கையால் அமுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். பின் ஒரு வாளித் தண்ணீரில் பாட்டிலைத் தலைகீழாக அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திறங்கள். பாட்டில் நிமிரும், தண்ணீர் உள்ளே ஏறும். உள் நீர்மட்டமும் வெளி நீர்மட்டமும் ஒன்றாக வரும்படி பிடித்து, அங்கேயே மூடி, வெளியே எடுத்து உள்ளே புகுந்த தண்ணீரை அளந்து பாருங்கள்.

மெட்டில் 22 டிகிரி, போடியில் 32 டிகிரி வெப்பம் என்று கொண்டால் கணக்குப்படி 80 முதல் 90 மில்லிலிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். உயரத்தால் மட்டும் காற்றழுத்தம் ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. மெட்டின் குளிர்ச்சி காற்றைச் சற்று அடர்த்தியாக்கி அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மீதி எட்டு, எட்டரை சதவீதம். மெட்டில் ஒரு லிட்டரை நிரப்பிய காற்று, போடியில் சுமார் 915 மில்லிலிட்டர் இடத்தை மட்டுமே அடைக்கிறது என்பதே அந்தப் பாட்டில் சொல்லும் சேதி.

எஞ்சினும் அந்தப் பாட்டிலைப் போலத்தான். அதற்குத் தெரிந்தது கன அளவு மட்டுமே, எடை தெரியாது. மூன்றரை கன சென்டிமீட்டர் என்றால், மேலேயும் கீழேயும் அதே மூன்றரையைத்தான் விழுங்கும். மெட்டில் விழுங்கும் ஒவ்வொரு மிடறிலும் காற்று எட்டரை சதவீதம் குறைவு. அப்படியானால் எரிபொருளும் அதே அளவு குறைந்துவிடாதா? இங்கேதான் சூட்சுமம். கார்புரேட்டரின் உறிஞ்சல் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. ஆனால் எரிபொருள் ஓடும் அளவு அந்த உறிஞ்சலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 0.915இன் வர்க்கமூலம் சுமார் 0.957. காற்று எட்டரைப் பங்கு குறைய, எரிபொருள் நாலேகால் பங்குதான் குறைகிறது. ஆக, யாரும் தொடாமலே கலவை நாலரை சதவீதம் செறிவாகிவிட்டது. ஐட்லிங் புகைந்து அணைந்த காரணம் இதுதான். அரைக்கால் சுற்றுக்குள் ஊசியை உள்ளே திருகினால் டிரக் மறுபடி கணீரென்று ஓடும்.

வேலை முடிந்ததா? இல்லை. ஆபத்தே இனிமேல்தான். மலை ஏறும்போது எஞ்சின் புகைந்து அடம்பிடிக்கும். எரிச்சல் வரும், ஆனால் எஞ்சின் கெடாது, எண்ணெய்தான் தாராளமாகப் போகிறதே. மெட்டில் ஊசியை இறுக்கிச் சரிசெய்த டிரக்கை அப்படியே பொட்டிபுரத்துக்கு இறக்கினால் என்ன ஆகும்? காற்று கூடுகிறது, எரிபொருள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கலவை மெலிகிறது. அதிலும் அடிவாரத்து வெயில் வேறு. டிரக்கோ என்றுமில்லாத துடிப்போடு ஓடும்! மெலிந்த கலவையில், கெடுவதற்குச் சற்று முன்புதான் எஞ்சின் மிக நன்றாக ஓடுவதுபோல் தோன்றும். புகை மறையும், பிளக்கின் கம்பி உருகும், பிஸ்டன் இறுகும். ஆகையால் இறங்கி வந்தவர் முதல் வேலையாக, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே, மேலே இறுக்கிய அளவை அப்படியே திறந்துவிட வேண்டும். மலையடிவாரத்தில் ஓட்டுகிறவர்கள் எத்தனை சுற்று திருப்பினோம் என்று ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது.

நைட்ரோ டிரக்கைக் கண்ணால் பார்க்க உங்களுக்கு வாய்ப்பில்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. தோட்டங்களில் முதுகில் மாட்டிக்கொண்டு களை வெட்டும் கருவியில் இருப்பதும் இதே குடும்பத்துச் சின்ன எஞ்சின்தான். ஸ்பார்க் பிளக்கும், எண்ணெய் கலந்த பெட்ரோலும் மட்டும் வேறு. அதன் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் பல மாடல்களில் ஆங்கில எழுத்துகள் எல், எச், டி என்று பொறித்திருக்கும். மெது வேக ஊசி, முழு வேக ஊசி, வாசல் திருகாணி! நாம் இதுவரை பார்த்த அதே மூன்று. கீழே வாங்கிய கருவி மேலே தோட்டத்தில் புகைந்தால் கருவி மோசம் என்று உடனே சொல்லிவிட முடியாது.

மோட்டார் சைக்கிள்கள் மட்டும் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு எரிபொருள் ஊசிமுறைக்கு மாறின. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரிகள் அளக்க, ஒரு சிறு கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. மலை ஏறுகிறோம் என்பது வண்டிக்கே தெரிகிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மலையை மறந்துவிடுங்கள்; டிரக் பொட்டிபுரத்தை விட்டு நகரவே இல்லை. ஏப்ரல் மாத நண்பகலில், 38 டிகிரி வெயிலில், ஐட்லிங்கைச் சரிசெய்தாயிற்று. டிசம்பர் விடியற்காலையில் 18 டிகிரிக் குளிரில் அதே டிரக்கை எடுக்கிறீர்கள். ஊசியை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? காற்றின் அடர்த்தி எத்தனை சதவீதம் மாறியிருக்கும்? டிகிரியோடு 273ஐக் கூட்டிக்கொண்டு வகுத்துப் பாருங்கள். வந்த விடையைப் போடிமெட்டுப் பாட்டில் தந்த எண்ணோடு ஒப்பிட மறக்காதீர்கள்.